தெற்கே பொங்கிய பானை

ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் பாதித் தண்ணீர். மதினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதுதான். பங்குனிப் பொங்கலன்று காலையில், எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு முன்னால் கிடக்கும் கரிசல் பொட்டலில் மூன்று கல்லைக் கூட்டுவாள். அவற்றின் மேல் அந்தத் தட்டை வைத்துவிட்டு, எதிரே குத்தவைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். தண்ணீர் லேசாகக் கிழக்கே ஒதுங்கும்வரை மேற்குக் கல்லுக்கு அடியில் ஈரமண்ணை அப்பி, உள்ளங்கையால் குத்திக்கொண்டே இருப்பாள். முழங்கைவரை கறுப்பாகிவிடும். பிறகு தட்டை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ம், பானைய ஏத்து" என்று அடுத்த அடுப்புக்கு நகர்வாள். ஊர்ப் பொங்கல் என்றால் பொட்டல் முழுக்க அடுப்புதான். அதில் முக்கால்வாசி மதினியின் கை பட்டதாக இருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பானை முதலில் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறதோ, அதுதான் அந்த வீட்டுக்கு அந்த வருஷம். கிழக்கே வழிந்தால் வெள்ளாமை விளையும். வடக்கே வழிந்தால் வீட்டில் கல்யாணம். மேற்கு சுமார். தெற்கு எமன் திசை, அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். மதினி அடுப்பைச் சாய்த்துப் போடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுவார்கள். "ஏத்தா, ஒனக்கு இந்த வருசம் என்ன வேணும்?" என்று அவள் ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள். மகளுக்கு வரன் அமையாதவளுக்கு வடக்கே சாயும். போர்வெல்லில் தண்ணீர் வராதவளுக்குக் கிழக்கே சாயும். இது சாமியை ஏமாற்றுவது இல்லையா என்று அருப்புக்கோட்டையில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். ஏமாற்றுவது என்ன ஏமாற்றுவது? நமக்கு என்ன வேண்டும் என்று சாமியிடம் சொல்லக்கூடாதா? வாயால் சொன்னால் வேண்டுதல், களிமண்ணால் சொன்னால் குற்றமா? போங்கள்.

ஆனால் மதினிக்குப் பானை கிடையாது. என் அண்ணன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தாலி இறங்கியவள் பொங்கல் வைக்கக்கூடாது, குலவை போடக்கூடாது, பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது. இதெல்லாம் யார் எழுதிவைத்ததோ, அவர்கள் கல்லையும் மண்ணையும் எழுத மறந்துவிட்டார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் மதினி கோயிலுக்குள் வந்தாள். வருஷத்தில் அந்த ஒரு காலைப் பொழுதுதான் ஊர்ப் பெண்கள் அவளை வரிசையில் நின்று கூப்பிடுவார்கள். "மதினி, இங்க வாங்க", "அக்கா, எனக்கு ஒரு நிமிசம்" என்று நாலாபக்கமும் சத்தம். அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "வாரேன் வாரேன், ஒம் பானை என்ன ஓடியா போகுது?" என்று அதட்டிக்கொண்டே போவாள். அடுப்புகள் பற்றியதும் கையைக் கழுவிக்கொண்டு, வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். குலவைச் சத்தம் அவளுக்கு அங்கே கேட்கும். எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு இரும்பு அடுப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், வெளியூரில் தொழில் செய்து நன்றாக வந்தவர், கோயிலுக்கு ஒரு லோடு அடுப்பு இறக்கினார். எல்லாம் ஒரே அச்சு. பச்சைப் பெயிண்ட், நாலு கால், கீழே சாம்பல் தட்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் 'உபயம்' என்று போட்டு அவர் பெயர். உள்ளதைச் சொல்கிறேன், நல்ல அடுப்புதான். கண் எரியவில்லை, கருவேல விறகு பாதிதான் செலவானது, பிள்ளைகள் காலைச் சுட்டுக்கொள்ளவில்லை. அதோடு நிற்கவில்லை அந்த மனுஷர். ஊர் வழக்கம் தெரிந்தவர் ஆயிற்றே! பானை உட்காரும் வளையத்தைச் சுற்றி விளிம்பு எழுப்பி, ஒரு பக்கம் மட்டும் வாய் வெட்டச் சொல்லியிருந்தார். அந்த வாயைக் கிழக்கே வைத்துவிட்டால், எப்படிப் பொங்கினாலும் கிழக்கேதான் கொட்டும். கோயில் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவர் மைக்கில் இதை அறிவித்தபோது ஆம்பளைகள் கை தட்டினார்கள். இந்த உலகத்தில் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்காவது இந்த யோசனை வருமா, சொல்லுங்கள்.

மதினி மண் குழைக்கத் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றவள், பச்சை அடுப்பு வரிசையைப் பார்த்தாள். தலைவர் அண்ணன்தான் அவளிடம் போனார். நல்லவர்தான், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "இனிமே ஒங்களுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம் மதினி. வயசாகுது. வீட்டுல இருங்க, பொங்கலக் குடுத்து விடுறோம்."

"எல்லாப் பானையும் கெழக்கயா?" என்று கேட்டாள்.

"ஆமா மதினி. ஊருக்கே நல்லகாலம்."

"வரன் தேடுறவ, கடன்காரி, பிள்ளையில்லாதவ, எல்லாருக்கும் ஒரே நல்லகாலத்த அச்சுல அடிச்சுக் குடுத்துட்டீகளாக்கும். அப்புறம் அவ எதுக்குய்யா உள்ள ஒக்காந்திருக்கா?" என்று கோயிலைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு மைக் பக்கம் போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரும்பு வரிசை முடிகிற இடத்தில் மூன்று கல்லைக் கொண்டுவந்து போட்டாள். தட்டும் வைக்கவில்லை, மண்ணும் அப்பவில்லை. என்னைப் பார்த்து, "ஏத்தா, ஒரு பானையும் படி அரிசியும் எடுத்துட்டு வா" என்றாள். யாருக்கு என்று கேட்காமலே ஓடினேன். நான் திரும்பி வரும்போது காய்ந்த பருத்திமாரை ஒடித்துவைத்துப் பற்றவைத்திருந்தாள். அதற்குள் சேதி பரவிவிட்டது. தலைவர் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "மதினி, என்ன இது? ஊரு என்ன சொல்லும்?"

"இத்தன வருசமா ஊரு அடுப்புல பூராம் என் கை மண்ணுதான இருந்துச்சு? அப்ப ஊரு ஒண்ணுஞ் சொல்லலையே. அடுப்புக்கு நான் வேண்டாம்னுட்டீக. சரி. எனக்குக் கை சும்மா இருக்கு, பொங்கல் வைக்கிறேன்."

கல்லை நகர்த்த ஒருவன் குனிந்தான். "தொடு, கை வேகட்டும்" என்றாள் மதினி. அவன் நிமிர்ந்துவிட்டான். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தூரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காற்று ஒரு நிலையில் இல்லை. தீ இப்படியும் அப்படியும் ஆடியது. புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர் கொட்டியது, புகையால் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். நுரை எழும்பியது. பச்சை வரிசையில் பானைகள் அவைபாட்டுக்குக் கிழக்கே கொட்டிக்கொண்டிருக்க, பாதிப் பெண்கள் தங்கள் பானையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். மதினியின் பானை பொங்கியது. நேராகத் தெற்கே வழிந்தது.

ஒருத்தி "அம்மாடி" என்று வாயைப் பொத்தினாள். மதினி வழிகிற நுரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தெக்க இருந்து எனக்கு வரவேண்டியது எப்பவோ வந்துட்டுப் போயிருச்சு. இனி என்ன? பொங்குச்சுல்ல?" சொல்லிவிட்டு அவளே குலவை போட்டாள். முப்பது வருஷமாகப் போடாத குலவை. முதலில் கரகரவென்றுதான் வந்தது. நான் சேர்ந்துகொண்டேன். என் பின்னால் இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. எவை எவை என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சாகும்வரை அந்த இடத்தில் பொங்கல் வைத்தாள். மற்ற வீடுகளில் தாலி இறங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள், பானை கொண்டுவரத் துணியவில்லை. ஊரும் 'அது ஒரு கிறுக்கி' என்று அவளை ஒதுக்கிவைத்து நிம்மதியாக இருந்தது. ஒருத்தி செய்தால் கிறுக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் இல்லையா?

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். எப்போதும் என் பெயருக்கு வரும் கோயில் அடுப்பு டோக்கன், இந்தப் பங்குனிக்கு என் மருமகள் பெயருக்கு வந்தது. மகன் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க அலைய வேண்டாம்மா, பொங்கல் வீட்டுக்கு வரும்" என்றான். எனக்கு வீட்டுக்கு வருகிற பொங்கல் வேண்டாம். பொட்டலுக்குப் போனேன். வரிசை முடிகிற இடத்தில் கல்லைக் கூட்டி, பானையை ஏற்றி, பருத்திமாரைப் பற்றவைத்தேன். தலைவர் அண்ணனுக்கு இப்போது கம்பு ஊன்றித்தான் நடை. மெல்ல நடந்து வந்து எதிரே நின்று, என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார்.

"நானும்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, பொகை அடிக்கும்."