சிக்கனப்பன் மாமாவின் ஒரே படம்

குழாயடியில் என் குடம் நிரம்பிக்கொண்டிருந்தபோது இருதயம் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். என் அக்கா புருஷனான மாமாவோடு ஒரே ஷிப்டில், கேஜ் என்கிற கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருந்தது. "இன்னாண்ணா, கேஜுக்கே உங்கள புடிக்காம மேல துப்பிடுச்சா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். என்னை 'வாலு' என்றே கூப்பிடுகிறவர், அன்றைக்கு "பாப்பா, அக்கா எங்க கீறா?" என்றார். கேட்க நினைத்த கேலி இன்னும் வாயிலேயே இருக்கிறது.

கீழே பாறை சரிந்திருந்தது. மாமாவை வைத்த பெட்டியை ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று பங்குச் சாமியாரே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

இன்று முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சின்னப்பன் மாமாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவரை நீங்கள் யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. என் அக்கா செசிலியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, வெற்றிலையைப் பாதியாகக் கிழித்து மீதியை மடியில் வைத்ததைப் பார்த்து, 'சிக்கனப்பன்' என்று நான் வைத்த பெயர்தான் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைன் வீடுகள் முழுக்க நிலைத்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவரோ, "பேரு வெச்சதுக்குக் கூலி கேக்கல இல்ல? அப்போ வெச்சுக்கறேன்" என்றார்.

லைனில் யாரைப் போலவும் முகத்தை மாற்றிக் காட்டுவது என் தொழில். சாமியார், கேஜ் மணி அடிப்பவர், எங்கள் பள்ளிக்கூட மதர் எல்லாரும் என்னிடம் மாட்டியவர்கள். மாமா வந்த பிறகு மற்றவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். இடது புருவம் மேலே போகும், தாடை ஒரு பக்கமாகக் கோணும், பிறகு "இன்னாத்துக்கு ரெண்டு?" என்று வரும். இரண்டாவது தோசைக்கும் அதே கேள்வி, இரண்டாவது மெழுகுவர்த்திக்கும் அதே கேள்வி. நான் செய்து காட்டினால் அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். "கட்டிக்கப் போறவர இப்டி பண்ணாதமே" என்று அக்காதான் திட்டுவாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் நம் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முந்தின வாரம் ஒரே பூசையில் இரண்டு மூன்று ஜோடிகளைச் சேர்த்துக் கட்டிவைப்பது வழக்கம். அந்த வருஷம் மூன்று ஜோடிகளுக்குப் பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஓலை வாசித்து முடிந்ததும் மாமா மற்ற இரண்டு மாப்பிள்ளை வீடுகளுக்கும் போனார். பெங்களூரிலிருந்து ஒரே போட்டோக்காரர், படம் பதிகிற ஒரே கண்ணாடி பிளேட், அதில் மூன்று ஜோடி, வீட்டுக்கு ஒரு பிரதி, செலவு மூன்றாகப் பங்கு. "ஆறு பேரும் ஒண்ணா நின்னா பிளேட்டு இன்னா வலிக்குதுன்னா அழப்போகுது?" என்றாராம். போட்டோக்காரர் பூந்தோட்டம் வரைந்த திரை கொண்டுவருவதாகவும் அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்லியனுப்பினார். "கோயில் சுவரு நல்லாத்தானே கீது. அது காசு கேக்குதா?" என்று திரையும் வெட்டுப்பட்டது.

இப்படி மிச்சம் பிடித்த காசில்தான் ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா ரயிலேறி வந்தார். மகனுடைய கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தார். இதைச் சொல்லாமல் விட்டால் மாமாவுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன்.

கோயில் முகப்பில் மூன்று பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பின்னால் மாப்பிள்ளைகள் நின்றார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கேமரா மூடியைத் திறந்து திரும்ப மூடும் வரை ஒருத்தரும் அசையக்கூடாது. அசைந்தால் முகம் கலைந்துவிடும்" என்றார். மூடி திறந்தது. ஓரத்தில் நின்ற மாப்பிள்ளை அருளப்பன் அண்ணனுக்கு மூக்கு துடித்தது. தும்மல் வருகிற துடிப்பு. ஒரு பிளேட் வீணாகப் போகிறதே என்று மாமாவுக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று அவர் பக்கம் திரும்பி, "டேய், ஆடாதடா! பிளேட்டு போயிடும்!" என்றார்.

போட்டோக்காரர் மூடியை மூடினார். அருளப்பன் அண்ணன் தும்மலை விழுங்கிக்கொண்டு சிலையாக நின்றிருந்தார்.

"அவர் ஆடவில்லை. நீங்கள்தான் ஆடினீர்கள்" என்றார் போட்டோக்காரர். "இன்னொரு பிளேட் இருக்கிறது. போடட்டுமா?"

புதுப்பெண் வாய் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து அம்மா சொல்லியிருந்தாள். அக்கா திறந்தாள். "இன்னொண்ணு எடுத்துக்கலாமே."

"இன்னாத்துக்கு ரெண்டு? இந்த மூஞ்சிய இனிமே தினமும் பாத்துகினுதானே இருக்கப்போற? சலிச்சிப்போயிடும்."

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போட்டோக்காரர் ரயிலுக்குப் போனார்.

படம் வந்தபோது ஐந்து முகங்கள் செதுக்கி வைத்தது போல இருந்தன. மாமாவின் கோட்டு தெரிந்தது, கழுத்துப் பட்டியும் தெரிந்தது. அதற்கு மேலே உலைமூடியைத் திறந்தால் எழும் ஆவி. "மாமா, ஆறு பேர் படத்துல அஞ்சரை பேர்தான் கீறாங்க" என்றேன். "மீதி அரை ஆளு இங்கதானே கீறேன், பாத்துக்கோ" என்றார். அக்கா முகம் வாடியதைப் பார்த்து, "கொழந்த ஞானஸ்நானத்துக்கு எடுத்துக்கலாம். அதே ஒரு பிளேட்டுல மூணு பேரு வந்துடுவோம்" என்று சமாதானம் சொன்னார். அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மற்ற இரண்டு வீட்டாரும் தங்கள் படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். தங்கள் பிரதியிலாவது கொஞ்சம் தெளிவாக இருக்காதா என்ற ஆசை. மூன்றையும் பாயில் வரிசையாக வைத்தோம். ஒரே பிளேட்டில் வந்தவை. மூன்றிலும் அதே ஆவி. அருளப்பன் அண்ணன் தன் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, "எனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தெளிவா மூஞ்சி? அன்னிக்கே தும்மித் தொலைச்சிருந்தா இன்னொரு பிளேட்டு போட்டிருப்பானே" என்று அழுதார்.

அவர்கள் போன பிறகு அக்கா வயிற்றில் கைவைத்தாள். "பொறக்கறது கேட்டா இன்னா காட்டுவேன்?" என்றாள். அடக்கத்துக்கு வந்திருந்த மாமாவின் அம்மா மகனுடைய காதைச் சொன்னார், நெற்றியைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவை தனித்தனியாகப் போயினவே தவிர முகமாகச் சேரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ செய்வியே. ஒருவாட்டி செய்மே."

எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்த வித்தை, அன்றைக்கு வர மறுத்தது. இரண்டு முறை முயன்றேன், என் முகம்தான் வந்தது. மூன்றாவது முறை இடது புருவம் தானாக ஏறியது. தாடை கோணியது. அக்கா எழுந்து கிட்டே வந்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, தொடாமல், "ஆடாம இருமே" என்றாள்.

நான் ஆடவில்லை. கண்ணில் நீர் முட்டியபோதும் இமைக்கவில்லை.

அவருடைய ஒரே நல்ல பிரதி இப்போது என் முகத்தில் இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளை பார்த்து முடிக்கும் வரை அது கலையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், மாமா.