ஹேவ்லாக்கா, நீலா?

விஜயராகவன் ஒரு ஃபிரிட்ஜ் வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அவர் படியேறுவதைப் பார்த்தாலே கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். கேள்விகள் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும் என்று தெரியும். எட்டாவது மாதம் அவர் மனைவி துர்கா தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி, நேரு வீதியில் இறங்கி, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் ஃபிரிட்ஜைக் காட்டி, "இது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அது பதினாறு வருஷமாக ஓடுகிறது. "நான் பாத்து வெச்சிருந்த மூணுல இதுவும் ஒண்ணு" என்று அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

அவர் மின்துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, முப்பத்து மூன்று வருஷம் கம்பம் ஏறி இறங்கி, போன டிசம்பரில் ஓய்வு பெற்றவர். மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சென்னையிலிருந்து மகள் கவிநிலா போன் செய்தாள். துர்கா ஒரு பிளவுஸ் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ப்பா, நீங்க ரிட்டயர் ஆனதுக்கு என்னோட கிஃப்ட். சென்னையிலேர்ந்து போர்ட் பிளேருக்கு ரெண்டு பேருக்கும் ஃபிளைட் போட்டுட்டேன். பிப்ரவரில நாலு நாள். எறங்கின அன்னிக்கே ஃபெர்ரி புடிச்சி தீவுக்குப் போயிடலாம். ரெண்டு தீவு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஹேவ்லாக், நீல். ரெண்டுத்துக்கும் அலைஞ்சா ஃபெர்ரிலயே பொழுது போயிடும். அதனால ஒண்ணு மட்டும். எதுன்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க, ரூம் போடணும்."

'ரெண்டு தீவு' என்று காதில் விழுந்ததுமே துர்கா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று மாலையே விஜயராகவன் ஒரு பழைய டைரியை எடுத்து, நடுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். மறுநாள் காலை, ஹேவ்லாக்குக்குப் போய்வந்த ஆதிமூலத்தைத் தேடிப் போனார். ஆதிமூலம் அவருக்கு முன்பே ஓய்வு பெற்ற பழைய தோழர்.

"ஹேவ்லாக்தான்யா! அங்க இருக்கற பீச்ச பாத்துட்டு வந்தா நம்ம ஊரு பீச்சுப் பக்கமே போவ மாட்ட. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடலு, நடுவுல மாவு கொட்டின மாதிரி மணலு. நீல்ல இன்னா இருக்குது? சைக்கிள் எடுத்தா அரை நாள்ல சுத்திட்டு வந்துடுவ. மீதி மூணு நாளைக்கு ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்ச பாத்துக்கினு குந்தினிருப்பீங்களா?"

ஹேவ்லாக் என்று முடிவாகிவிட்டது. அது மாலை ஐந்து மணிவரை தாங்கியது. ஐந்து மணிக்கு பெனிஷா பிளவுஸ் வாங்க வந்தாள். அவள் கல்யாண பிளவுஸ் தைத்ததும் துர்காதான். தேனிலவுக்கு அவளும் கணவனும் போனது நீல் தீவுக்கு.

"அங்கிள், ஹேவ்லாக்ல ஒரே கூட்டம். நீல்ல காலைல எழுந்தா கோழி கூவறது கேக்கும். வயக்காடு, வாழத்தோப்பு, அத தாண்டினா கடலு. நாங்க மூணு நாளு ஒண்ணுமே பண்ணல. அவ்ளோ நல்லா இருந்திச்சி."

விஜயராகவன் டைரியில் ஆதிமூலம் சொன்னதை அடித்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பு அடித்ததை மீண்டும் எழுதினார். வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. முடிவெட்டப் போன இடத்தில் விசாரித்தார். மாவு மில்லில் விசாரித்தார். அந்தமானையே பார்த்திராத மருந்துக்கடைக்காரரிடம்கூட அபிப்பிராயம் வாங்கிவந்தார்.

"இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா? பால்காரர கேட்டீங்களா?" என்றாள் துர்கா.

"அவரு ராமேஸ்வரம்தான் போயிருக்காராம்" என்றார் அவர், வருத்தத்தோடு.

அவளுக்கு வாய்வரை வந்த வார்த்தைகள் அப்படியே நின்றுவிட்டன. எப்போதும் அப்படித்தான். இந்த மனிதரைத் திட்ட நினைக்கும்போதெல்லாம் இரண்டு விஷயங்கள் குறுக்கே வந்து நிற்கும்.

ஒன்று, அவர் பெண் பார்க்க வந்தது. சேதராப்பட்டில் துர்காவின் வீட்டுக்கு அவர் மூன்று தடவை வந்தார். முதல் தடவை சொந்தபந்தத்தோடு. இரண்டாவது தடவை அண்ணனோடு. மூன்றாவது தடவை தனியாக வந்தபோது, "மாப்பிள மாடா வாங்கறாரு, இத்தினி வாட்டி வந்து பாக்கறதுக்கு?" என்று அவள் அப்பா வெடித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் விஜயராகவன் வாசற்படியில் நின்றபடி துர்காவிடம் கேட்டார்: "எங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம். உங்க வீட்லயும் சம்மதம். உங்கள யாரும் கேட்ட மாதிரி தெரியல. புடிக்கலன்னா சொல்லுங்க, நான் வேணாம்னு சொன்னதா சொல்லிக்கறேன். உங்க மேல பழி வராது." அவள் அப்போதே சம்மதித்தாள். துர்காவுக்கு எதிலும் அதிக நேரம் ஆவதில்லை.

இன்னொன்று, 'தானே' புயலுக்குப் பிறகான நாட்கள். ஊர் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் மதியம், ஒரு தெருவில் லைன் ஆஃப் செய்தாகிவிட்டது, ஏறலாம் என்றார்கள். தெருக்காரர்கள் சுற்றி நின்று அவசரப்படுத்தினார்கள். சக ஊழியர் அன்பழகன் கம்பத்தில் கால் வைத்துவிட்டார். "எறங்கு. இன்னொரு வாட்டி பாத்துட்டு ஏறு" என்றார் விஜயராகவன். "ஆரம்பிச்சிட்டாருடா" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். அவர் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பியைக் கொண்டுபோய் லைனில் மாட்டினார். படீரென்று பொறி பறந்தது. எங்கோ ஒரு வீட்டில் மெயினைத் துண்டிக்காமலே ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அந்த மின்சாரம் செத்துக் கிடந்த லைனில் ஏறி வந்திருக்கிறது. அன்பழகன் இன்றுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்புக் கட்டோடு வீட்டுக்கு வருகிறார். காபி குடித்துவிட்டுப் போவார்.

அதனால் துர்கா பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கவிநிலா போன் செய்தபோது டைரி மேசைமேல் விரிந்து கிடந்தது. விஜயராகவன் அதை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"துர்கா, நீ சொல்லு. உனுக்கு எது புடிச்சிருக்குதோ அங்க போவலாம்."

இதற்காகவே ஒரு வாரம் காத்திருந்தவள்போல துர்கா வாயைத் திறந்தாள். ஆனால் வார்த்தை வரவில்லை. அவளே திகைத்துப் போனாள். மகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்குப் பெயின்ட், யார் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் இத்தனை வருஷமாக அவள் ஒரே மூச்சில் முடிவு செய்தவைதான். அவை எல்லாம் வேலை நடப்பதற்காகச் செய்த முடிவுகள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து எதையும் எடுத்ததாக நினைவில்லை.

"ம்மா? லைன்ல இருக்கியா?" என்றாள் கவிநிலா.

"எனுக்கு தெரியலடி" என்றாள் துர்கா. குரல் சின்னதாகிவிட்டது.

விஜயராகவன் டைரியை மூடினார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தீவ வுடு. கடலுக்குப் போனா நீ இன்னா பண்ணணும்? அத சொல்லு."

துர்கா யோசித்தாள். கல்யாணமாகி அரியாங்குப்பம் வந்த நாளிலிருந்து கடல் பத்து நிமிஷத் தொலைவில்தான் இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். பாறாங்கல்மேல் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவார்கள். இறங்கினால் அலை இழுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லி, அவள் நனைந்தது கணுக்கால்வரைதான்.

"கழுத்து மட்டும் தண்ணியில உக்காரணும்" என்றாள் மெதுவாக. "அலை அடிக்கக் கூடாது. பயமில்லாம சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். சிரிக்காதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "கவி, நீல் போடும்மா" என்றார். "அங்க ஒரு பீச்சுல கரைக்கிட்ட ரொம்ப தூரம் ஆழமே இல்லன்னு பெனிஷா சொல்லிச்சி. அலையும் இல்லியாம். ஹேவ்லாக் பெரிய பீச்சுல அலை உண்டு." டைரியைத் திறக்காமலே சொன்னார். "ப்பா, நெசமாதான் சொல்றீங்களா? மாத்த மாட்டீங்களே?" என்று மகள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

துர்கா அன்றைக்கே மெஷினில் உட்கார்ந்து தனக்கு முழங்காலுக்குக் கீழ்வரை ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள். புடவையோடு கடலில் உட்கார முடியாது.

பிப்ரவரியில் ஃபெர்ரி நீல் தீவில் நின்றபோது காலை பதினொன்று. பையை அறையில் போட்டுவிட்டு நேரே கடற்கரைக்குப் போனார்கள். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கரையெல்லாம் கறுப்புப் பாறையும் பவளக்கல்லும். கூட வந்த நான்கைந்து குடும்பங்கள் செருப்பில்லாமல் கல்லில் தடுமாறி, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று திரும்பிக்கொண்டிருந்தன. துர்காவின் முகம் வாடிவிட்டது.

"ரெண்டரை மணிக்குப் பாரு" என்றார் விஜயராகவன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். நான்கு நாளுக்கும் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஊரிலேயே விசாரித்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். "மூணு பேருகிட்ட கேட்டுட்டேன். இங்க படகுக்காரரு கையிலயும் கேட்டேன். அவரும் அதான் சொல்றாரு."

இரண்டரை மணிக்குப் பாறைகளைக் காணவில்லை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிவைத்ததுபோல் தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் முதலில் இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் காலால் தடவிப் பார்த்து, நின்று, அடுத்த அடி வைத்தார். இருபது அடி போய்த் திரும்பிவந்து கையை நீட்டினார். "இந்தப் பக்கம் மணல்தான். கல்லு இல்ல. வா."

துர்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இடுப்பளவு வந்ததும் மெல்ல உட்கார்ந்தாள். தண்ணீர் கழுத்துவரை ஏறி நின்றது. வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் விரல் நீளத்தில் கோடுபோட்ட மீன்கள் வந்து அவள் சுடிதாரின் ஓரத்தை மோந்து பார்த்துவிட்டுப் போயின. கொஞ்ச நேரம் கழித்து, காரணமே இல்லாமல் கண்ணில் நீர் வந்தது. கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு அதை மறைத்தாள்.

வடக்கே தூரத்தில் இன்னொரு தீவு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அதுதான் ஹேவ்லாக். விஜயராகவன் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போயிருக்கலாமோன்னு தோணுதா?" என்றாள் துர்கா.

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "கொஞ்சம் தோணுது" என்றார்.

அவள் சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருங்க. உக்காந்தா அது தெரியாது."

அவர் உட்கார்ந்தார். உண்மையிலேயே தெரியவில்லை, தண்ணீரும் குறுக்கே நின்ற படகுகளும்தான் தெரிந்தன. தண்ணீர் இறங்கிப் பாறைகள் தலைகாட்டும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். விரல்நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. நாளைக்கு மூன்றேகாலுக்கு வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே அவர் அவளைக் கரைக்குக் கூட்டிவந்தார்.