கடைசிப் பன்னிரண்டு வினாடிகள்

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். இத்தனை நாள் நான் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் இல்லை, வெட்கம்.

நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். படத்தைப் பார்த்து, கண்டதை ரெக்கார்டரில் பேசிவிடுவேன். என் பேச்சு கொஞ்சம் மோசம். பாதி வார்த்தையை விழுங்கிவிடுவேன், என் மனைவியே "என்ன?" என்று இரண்டு தடவை கேட்பாள். ஆனால் டைப்பிஸ்ட் அக்காவுக்கு மட்டும் ஒரு வார்த்தை தப்பாது. பதினொரு வருடம் என் அறிக்கைகளை அடித்தவர். நான் பக்கம் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அவராகத் திருத்த மாட்டார். கடைசி வரிக்குக் கீழே ஒரு கேள்வி இருக்கும்: "டாக்டர், இடதா, வலதா?"

பிறகு, பேச்சைக் கேட்டுத் தானே டைப் செய்யும் மென்பொருள் வந்தது. என் உளறல் அதற்குப் பிடிபடவில்லை. அது தப்பாக அடித்ததையெல்லாம் அக்கா ஆறு வாரம் உட்கார்ந்து திருத்தினார். திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது.

"எதுக்கு டாக்டர் இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"உங்க வேலை சுலபமா ஆகத்தான் அக்கா."

பச்சைப் பொய். அது தேறியதும் அவரை அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் போன அன்று, முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் லீவு போட்டுவிட்டேன். அதன்பின் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

ஐந்து மாதம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2:40. ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் கட்டி. மறுநாள் காலை அந்தச் சிறுநீரகத்தையே எடுக்கப் போகிறார்கள். ஆபரேஷன் டாக்டருக்குப் போனில் அவசரமாகச் சொல்லிவிட்டு, அறிக்கையைப் பேசினேன். ரெக்கார்டரில் நான்கு நிமிடம், 4:00 என்று பார்த்துத்தான் நிறுத்தினேன்.

அதைக் கம்ப்யூட்டரில் செருகினேன். பதிவின் நீளம் 4:12 என்று காட்டியது.

எழுத்துகள் வரிவரியாக வந்தன. கடைசி வரி முடிந்தது. நின்றது. பிறகு...

"டாக்டர், இடதா, வலதா?"

அக்காவின் அதே கேள்வி.

ஹெட்போனை மாட்டி, அந்தப் பன்னிரண்டு வினாடியைக் கேட்டேன். பேச்சில்லை. டக்... டக்... டக்... யாரோ டைப் அடிக்கும் சத்தம். நான் கீபோர்டைத் தொடவே இல்லை.

படத்தை மறுபடி திறந்தேன். கட்டி வலது பக்கம்.

நான் சொல்லியிருந்தது இடது. போனிலும் இடது.

திருத்தினேன். போனிலும் சொன்னேன். பிறகு ரெக்கார்டரை அழுத்தி, "யாரு?" என்றேன். நிறுத்தினேன். செருகினேன்.

மறுபடியும் பன்னிரண்டு வினாடி கூடுதல்.

"யாரு?"

அதற்குக் கீழே...

"இப்ப சுலபமா இருக்கா டாக்டர்?"

மணி 2:58.

அறையைவிட்டு ஓடினேன்.

மறுநாள் ஆபரேஷன் டாக்டர் என் தோளைத் தட்டினார். "நல்லவேளை, நீங்களே மறுபடி பாத்தீங்க. கண்ணுன்னா இது கண்ணு." நான் சிரித்து வைத்தேன். அக்காவுக்குச் சேரவேண்டிய பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். அக்கா வீட்டுக்குப் போன் பண்ணினேன். அவருடைய கணவர் எடுத்தார்.

"அவ தவறிப்போயி ரெண்டு வாரமாச்சுங்க."

கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"கடைசி நாலு நாளும் ஒரே கேள்விதான். இடதா, வலதான்னு. திரும்பிப் படுக்கணுமாக்கும்னு நாங்களும் மாத்தி மாத்திப் படுக்கவெச்சோம். இல்லன்னு தலைய ஆட்டினா. நாளைக்கு எடுத்துடுவாங்க, சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கன்னா. யாரக் கேக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல."

சிறுநீரகத்தில் கட்டி இருந்த அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்ததே செவ்வாய்க்கிழமைதான். நான் போன் பண்ணியதற்கு முந்தின நாள்.

"ஆமா, நீங்க யாரு பேசறது?"

சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.