வாதம் முடியுமுன் காமனைக் கொளுத்தியவன்

இன்று காலை ஆரம்பாக்கம் ரயிலில் எதிர் சீட்டில் தணிகாசலம். ஐம்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.

"இன்னா, தீப்பெட்டி எடுத்துகினு வந்துகீறியா?" என்றான், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

எழுபதுகளில் எங்கள் ஊர்க் காமன் பண்டிகையில் தொடங்கிய பகை இது. மாசி மாதம் ஆமணக்குக் கொம்பை நட்டுவிட்டால் அதுதான் காமன். பௌர்ணமியன்று அதைக் கொளுத்துவோம். அதற்கு முன் இரண்டு கட்சி எதிரெதிரே உட்கார்ந்து லாவணி பாடும். சிவனுடைய நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது இன்னொன்று. வாதம் முடிந்த பிறகுதான் நெருப்பு.

நான் எரிந்த கட்சி. அவன் எரியாத கட்சி.

"எரிஞ்சி சாம்பலாயிட்டான்னா, பொண்டாட்டி ரதி கண்ணுக்கு மட்டும் எப்பிடிடா தெரியறான்?" என்று கேட்டான்.

ஊரே சிரித்தது. கொளுத்துவதற்கு ஏற்றி வைத்திருந்த தீப்பந்தத்தைப் பிடுங்கிக் காமன் மேல் வைத்தேன்.

"பார்றா, எரியறான்!"

கைகலப்பாகிவிட்டது. அடுத்த வருடம் ஊரில் யாரும் காமன் நடவில்லை.

இன்று ரயிலில் சொன்னேன்: "பதில் எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லணும்னு இன்னா அவசியம்?"

"சொல்லேன். கேட்டுகினுதானே கீறேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்கால வண்டியிலும் வருவானாம். பதில் தெரிந்தவர்கள் நான்கு மணிக்குள் கமெண்டில் போடுங்கள். எரியாத கட்சிக்காரர்கள் தள்ளியே நில்லுங்கள். தீப்பெட்டி பையில்தான் இருக்கிறது.