திரைப்பதிவுச் செயலி தேடிய இருவர் குழு

ஆசிரியர் கூட்டங்களில் வாயைத் திறப்பதில்லை என்று பல வருடங்களாக ஒரு கொள்கை வைத்திருந்தேன். அன்று தவறிவிட்டேன். பிள்ளைகள் வீட்டில் பார்த்துப் படிக்க, ஒவ்வோர் ஆசிரியரும் கணினித் திரையைப் பதிவு செய்து பாடக் காணொலி தயாரிக்க வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் சொன்னார். நான் சும்மா இருக்காமல், "இலவசமாவே நிறைய செயலி இருக்குமே ஐயா" என்றேன்.

"அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

துணைக்குக் கலைக்கல்வி ஆசிரியரையும் சேர்த்துவிட்டார். இப்படித்தான் இருவர் குழு உண்டானது.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாசில் உள்ள தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். கலைக்கல்வி ஆசிரியர் என்னைவிட இருபது வயது இளையவர். தெரியாது என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. எதைக் கேட்டாலும் "போலே லா அக்கா, சின்ன விசயம்" என்பார். 'முடியும்' என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லை நம்பித்தான் முதல் செயலியை இறக்கினேன்.

பின்னத்துக்கு ஒரு பாடம் பதிவு செய்தேன். போட்டுப் பார்த்தால், திரையின் நடுவில் செயலியின் பெயர் பெரிய எழுத்தில் படுத்திருந்தது. மேலே மூன்று, நடுவில் கோடு, கோட்டுக்குக் கீழே நான்கு இருக்க வேண்டிய இடத்தில் விளம்பரம். அப்படியே அனுப்பினால் என் பிள்ளைகள் சோதனையிலும் அந்தப் பெயரையே பகுதியாக எழுதி வைப்பார்கள்.

"நீங்க கொஞ்சம் ஓரமா எழுதுங்க அக்கா," என்றார் கலைக்கல்வி ஆசிரியர்.

"நடு வீட்டுல அது உக்காந்துக்கும், நான் ஓரமா நிக்கணுமா சார்?"

அதைத் தூக்கிவிட்டு இரண்டாவதைப் பிடித்தோம். அதில் விளம்பரம் இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் ஆனதும் தானே நின்றுவிடும். நீள் வகுத்தலை எந்தக் கணித ஆசிரியராலும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. நான் முயன்றேன். மூச்சு விடாமல் பேசினேன். பாக்கார் ஆராங்கில் உள்ள எங்கள் வீட்டின் வரவேற்பறையில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு என் கணவர் எட்டிப் பார்த்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு இந்த எட்டிப் பார்க்கும் வேலைதான்.

"ஏம்மா, யாரு கூட சண்ட?"

"வகுத்தல் சொல்லிக் குடுக்குறேன்."

"பாவம் பிள்ளைங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது செயலிக்கு நேரக் கட்டுப்பாடும் இல்லை, விளம்பரமும் இல்லை. விமானி அறை மாதிரி பொத்தான்கள் மட்டும் இருந்தன. கலைக்கல்வி ஆசிரியர் ஓய்வு நேரத்தில் என் மடிக்கணினியை வாங்கி, எதையெதையோ தட்டி, "பெரெஸ் அக்கா, எல்லாம் முடிஞ்சிச்சு" என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பதிவு செய்தேன். படம் கண்ணாடி போலத் தெளிவு. என் குரல் மட்டும் இல்லை. அவர் தட்டியதில் ஒலிவாங்கி அணைந்திருந்தது.

மறுநாள் அவரிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "பிள்ளைங்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும் அக்கா" என்றார்.

ஒலிவாங்கியை நானே தேடிப் பிடித்துத் திறந்தேன். கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். 592ஐ எட்டால் வகுக்கும் கணக்கு. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வரும்படி முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். இம்முறை ஒலிவாங்கி தன் கடமையைச் செவ்வனே செய்தது. பக்கத்து வீட்டு இரும்புக் கதவு, எரிவாயு லாரி எல்லாம் பதிவில் விழுந்தன. நான் "இப்போ அடுத்த எண்ணக் கீழ இறக்கணும்" என்று சொல்லும் இடத்தில், சமையலறையிலிருந்து என் கணவரின் குரல்:

"இந்தக் கெம்போங் மீன யாரு கழுவுறது?"

ஐந்தாவது தடவையாகப் பதிவு செய்ய எனக்குத் தெம்பில்லை. அந்த ஒரு வரியை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பலகையில் ஒரு கணக்கை எழுதி, "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டேன். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "மீன யாரு கழுவுறது?" என்றார்கள். அடுத்த அறையிலிருந்து கலைக்கல்வி ஆசிரியர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றே அந்தக் காணொலியை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பள்ளி முடிந்து கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. கூலிம் தொழிற்சாலையில் வேலை, சீருடையோடுதான் வந்திருந்தார். கையில் ஒரு பயிற்சிப் புத்தகம். மீனைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயார்படுத்திக்கொண்டேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க வீடியோல ஏழெட்டு அம்பத்தி நாலுன்னு சொல்றீங்க. திரையில அம்பத்தி ஆறுன்னு இருக்கு. எது சரி?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அம்பத்தி ஆறுதாம்மா. நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"அப்ப நான் போட்டது சரிதான்," என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக நீள் வகுத்தல். முதல் இரண்டு பக்கங்களில் அடித்தல் திருத்தல். மூன்றாம் பக்கத்திலிருந்து எல்லா விடையும் சரி. கையெழுத்து மகளுடையது அல்ல.

"மகளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னுதான் போட்டுப் பாத்தேன். எனக்கே தெரியல. நான் படிக்கிறப்ப இது புரியவே இல்ல டீச்சர். கேட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு கேக்காமலே விட்டுட்டேன். இதுல நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கலாம். எத்தன தடவ கேட்டாலும் நீங்க திட்டல."

இருபத்தைந்து வருடமாக என் வகுப்பில் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ. புத்தகத்தை வாங்கி, கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையால் சரி போட்டேன். அவர் குழந்தை போல் ஒவ்வொரு சரியையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புதுசா எடுத்துப் போடுறேம்மா. இதுல ஒரே சத்தம்."

"ஐயோ, இதையும் வச்சிருங்க டீச்சர். மீன் வர்ற இடத்துலதான் மகளும் என்கூட உக்காந்து பாக்குறா."

அடுத்த கூட்டத்தில் மூன்றாவது செயலியையே பரிந்துரை செய்தேன். ஒலிவாங்கியைத் திறப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். எல்லாரும் நன்றி சொல்லிவிட்டு அவரவருக்குத் தோன்றியதைப் பயன்படுத்தினார்கள். கலைக்கல்வி ஆசிரியர், குழுவின் சரிபாதி அவர், கைப்பேசியை நான்கு அகராதிகள் மேல் சாய்த்து வைத்துத் தன் கையைப் படம் பிடித்தார். வண்ணம் தீட்டும் பாடத்துக்கு அதுதான் பொருத்தமாகவும் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

வகுத்தலை ஐம்பத்தாறோடு மறுபடி பதிவு செய்து பெற்றோர் குழுவில் போட்டேன். பழையதையும் அழிக்கவில்லை. போட்ட சிறிது நேரத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம். ரெஸ்ட் டைம் போலிருக்கிறது.

"டீச்சர், இது நல்லா இருக்கு. தசமத்துக்கும் ஒண்ணு போடுறீங்களா? கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."