திரிந்த பாலுக்கு ஒரு வரிசை: கூப்பர்டினோவில் தைவான்காரர் காலைச் சாப்பாடு

1998 அக்டோபரில் நான் நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் மகன் செந்தில் வீட்டில் இருந்தேன். மருமகள் கவிதாவுக்குக் கலிஃபோர்னியா பார்க்க ஆசை. செந்திலுக்கு ஐந்து நாள் லீவு கிடைத்ததும் மூவரும் கிளம்பிவிட்டோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கவிதாதான் இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். ஆனால் கோபிச்செட்டிபாளையத்தில் முப்பத்தெட்டு வருஷம் சைக்கிளில் பால் ஊற்றியவன் நான். எந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு என்பது மண்டையிலேதான் இருந்தது. ஆகவே இதில் வரும் மணியையும் மைலையும் நம்பலாம்.

நியூ ஜெர்சியின் நூவர்க்கில் காலை எட்டே காலுக்கு விமானம். ஆளுக்கு 318 டாலர், ஆறு மணி நேரம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாடகைக் காரில் சன்னிவேல் 26 மைல். மோட்டல் அறை 72 டாலர். அங்கே கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வயிற்றுக்கு அது எப்படித் தெரியும்? மறுநாள் ஞாயிறு, விடிவதற்குள்ளேயே பசி. மோட்டலில் கொடுத்ததோ டோனட்டும் ஜில்லென்ற பாலும். சூடாக, உப்பு உறைப்பாக ஏதாவது கிடைக்காதா என்று கேட்டேன். கூட வேலை பார்க்கும் தைவான்காரர் ஒருவர் சொன்ன கடை செந்திலுக்கு நினைவு வந்தது.

கூப்பர்டினோ ஐந்து மைல், பன்னிரண்டு நிமிடம். கடை ஏழரைக்குத் திறக்கும். ஏழு இருபதுக்கே எங்களுக்கு முன்னால் பதினாலு பேர் நின்றார்கள். கதவு திறந்ததும் வந்த வாசனை இருக்கிறதே! எண்ணெயில் மாவு பொரிகிற வாசனை. தூக்கமெல்லாம் போய்விட்டது.

சுவர் முழுக்கச் சீன எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு வரி கிடையாது. எம்.எஸ். படித்த மகன் அண்ணாந்து பார்க்கிறான், எம்.சி.ஏ. படித்த மருமகளும் அண்ணாந்து பார்க்கிறாள். அன்றைக்கு எங்கள் மேசையில் மூன்று பேருக்குமே படிக்கத் தெரியாது. எனக்கு மட்டும்தான் அது பழக்கம். பக்கத்து மேசைக்கு வந்ததைக் கையால் காட்டி, மூன்று விரலை நீட்டினேன். வந்துவிட்டது.

முழ நீளத்துக்குப் பொரித்த மாவுக் குச்சிகள், எள் தூவிய ரொட்டி. கூடவே ஆளுக்கொரு கிண்ணம் பால். கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பால் திரிந்து, கட்டி கட்டியாக மிதந்தது.

"மாமா, தொடாதீங்க, பாலு கெட்டுப்போயிருக்கு" என்றாள் கவிதா.

"ரிட்டர்ன் பண்ணிரலாம்" என்று செந்தில் பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிடக் கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"கம்முனு இருடா. கடை முழுக்க ஆளு. கடைக்கார மனுசன் பேரு கெட்டுப்போகும்."

காரணம் இருந்தது. ஒரு சித்திரை மாதம் ஓர் அம்மாள் வாசலில் நின்று, என் பால் திரிந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கெட்டது என் கேனா, அவர் பாத்திரமா, இன்றுவரை தெரியாது. அந்த வாரமே அந்தத் தெருவில் பதினொரு வீட்டு வாடிக்கை போய்விட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் வேறு பால் கொண்டுவந்து ஊற்றியிருப்பேன்.

கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போனேன். அங்கே என் வயதுக்காரர் ஒருவர், வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, பெரிய அகப்பையால் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. அவர் பாஷை எனக்குத் தெரியாது. காதருகே போய் மெதுவாக என் பாஷையிலேயே சொன்னேன்:

"ஏனுங்க, பாலு திரிஞ்சு போச்சுங்க. சத்தமில்லாம மாத்திருங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு புட்டியை எடுத்து, என் பாலில் இன்னும் நாலு சொட்டு விட்டார். மோந்து பார்த்தால் புளிக்காடி, கவிதா வினிகர் என்கிறாளே அது! பாலில் புளிப்பை ஊற்றுகிற பால்காரனை நான் கண்டதே இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே என்னை உள்ளே இழுத்து, ஒரு வாளியைத் திறந்து காட்டினார். ஊறவைத்த சோயாக் கொட்டை. அரைத்துப் பிழிந்த பால்! மாடே கிடையாது! அப்புறம் புதுக் கிண்ணம் எடுத்தார். நறுக்கிய ஊறுகாய், வெங்காயத் தாள், குட்டி இறால் கருவாடு, புளிக்காடி. அதன்மேல் கொதிக்கிற பாலை ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். என் கண் முன்னாலேயே பால் திரிந்தது. அவர் வேண்டுமென்றேதான் திரிக்கிறார். அந்த வரிசை அதற்காகத்தான் நிற்கிறது.

நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். சீம்பால் மாதிரி மெத்தென்று, சூடாக, உப்பும் புளிப்பும் உறைப்புமாக இறங்கியது. பொரித்த குச்சியை முக்கித் தின்னச் சொல்லிக் காட்டினார். இரண்டு குச்சி காலி.

மேசைக்குத் திரும்பியதும், "சொல்லிட்டீங்களாப்பா?" என்றான் செந்தில்.

"சொன்னேன். அவரு எனக்குப் பாடம் எடுத்துட்டாரு. ஆறதுக்குள்ள குடிங்க."

மூன்று பேருக்கும் சேர்த்து 13 டாலர் 40 சென்ட். இருந்த மூன்று காலையும் அங்கேதான் போனோம். கடைசி நாள் நான் உள்ளே நுழைந்ததுமே பெரியவர் அகப்பையைத் தூக்கிக் காட்டினார்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் குச்சி தீர்ந்துவிடும். சைவக்காரர்கள் இறால் வேண்டாம் என்று முதலிலேயே சைகையாவது காட்டிவிடுங்கள். சர்க்கரை போட்ட சோயாப் பாலும் உண்டு, அது திரியாது. எழுத்து புரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பக்கத்து மேசையைப் பாருங்கள். முப்பத்தெட்டு வருஷம் எந்தப் பாலுக்குப் பயந்தேனோ, அதைக் காசு கொடுத்து மூன்று நாள் குடித்தேன். திரிந்த பால் வந்தால் கையைத் தூக்காதீர்கள். ஸ்பூனைத் தூக்குங்கள்.