பஸ் காத்து நின்ற கோப்பு

பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பட்டி போட்ட ஒரு பென் டிரைவ் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படிச் சுற்றிக் கட்டியவர், பொகவந்தலாவைக்கும் ஹட்டனுக்கும் இடையே ஓடிய பஸ்ஸின் கண்டக்டர் அண்ணன். அவரை நினைக்காமல் என்னால் அந்த லாச்சியைத் திறக்க முடிவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு எது போவதானாலும் அவர் கையில்தான் போகும். மருந்துத் துண்டு, தைக்கக் கொடுத்த சட்டை, மகள் வீட்டுக்கு ஒரு பை மரக்கறி. மேல் வளைவில் ஹோர்ன் கேட்டதும் எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து புறப்பட்டால், படியிறங்கி ரோட்டுக்கு வரவும் பஸ் வரவும் சரியாக இருக்கும். அதனால் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். நடை பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அதுவே ஒருநாள் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

படித்து முடித்து வீட்டில் இருந்தேன். கொழும்புக் கம்பெனி ஒன்று எனக்கு ஒரு சோதனை வைத்திருந்தது. பெரிய கோப்பு ஒன்றைப் படித்து, வேண்டியதை மட்டும் பொறுக்கி இன்னொரு கோப்பில் எழுதும் புரோகிராம். அன்று மாலைக்குள் புரோகிராமும் அது எழுதிய கோப்பும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. எங்கள் லயத்தில் இன்டர்நெட் கிடையாது. ஹட்டனில் போட்டோகொப்பிக் கடையில் நிற்கும் என் அக்காவுக்கு பென் டிரைவை அனுப்பினால், அவள் அங்கிருந்து அனுப்பிவிடுவாள் என்பது ஏற்பாடு.

அவ்வளவு பெரிய கோப்பை என் பழைய லெப்டொப் ஒரே மூச்சில் விழுங்காது. அதற்குத்தான் ஸ்ட்ரீம். எங்கள் பீலியில் தண்ணீர் வருவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும். எழுதும்போதும் ஒவ்வொரு சொட்டாகக் கொண்டுபோகாது. ஒரு குடம் நிறைந்ததும் கொண்டுபோய் ஊற்றும். அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். கடைசிக் குடம் நிறையாது. வேலை முடிந்தது என்று ஸ்ட்ரீமை மூடினால்தான் அதில் இருப்பதும் ஊற்றப்படும். அன்று பென் டிரைவில் எழுதிக்கொண்டிருந்தபோது ஹோர்ன் கேட்டது. திரையில் எல்லாம் முடிந்த மாதிரித்தான் இருந்தது. உருவிக்கொண்டு ஓடினேன்.

ஹட்டனில் அக்கா திறந்து பார்த்தால் கோப்பு ஒரு வரியின் நடுவிலேயே நிற்கிறது. அவள் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி, பென் டிரைவைத் திரும்ப அண்ணன் கையிலேயே கொடுத்திருக்கிறாள். மேலே போகும் வழியில் எங்கள் பஸ் ஹோல்ட்டில் இறங்கி என்னிடம் நீட்டினார். "பாதியில நிக்குதாமே பிள்ள. நாங்க பொகவந்தலாவ போயிட்டு வாறதுக்குள்ள சரி பண்ணிருங்க."

சரி பண்ணினேன். ஸ்ட்ரீமை மூடும் வரியைச் சேர்த்து, முடிந்தால் முடிந்தது என்று திரையில் சொல்லவும் வைத்து, புதுப் பெயரில் எழுத விட்டேன். பாதியில் கரண்ட் போனது. லெப்டொப்பின் பேட்டரி செத்துப் பல மாதம். கரண்ட் வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கிச் சற்று நேரத்தில் மேல் வளைவில் ஹோர்ன் கேட்டது. கால்கள் தானாக எழுந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் போகட்டும், அரைக் கோப்பை இன்னொரு தடவை அனுப்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பஸ் போகவில்லை. பஸ்ஸில் இருந்த பக்கத்து வீட்டு மதினி பிறகு சொன்னார். அண்ணன் முதலில், "ஆஸ்பத்திரிக்கு, ஸ்டேஷனுக்குக் கோச்சி பிடிக்கப் போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாராம். யாரும் இல்லை. "அப்பக் கொஞ்சம் பொறுத்துக்கங்க. அந்தப் பிள்ளையோட வேல அந்தப் பென் டிரைவுக்குள்ளதான் இருக்கு." டிரைவர் முணுமுணுத்திருக்கிறார். "அது வராம நான் மணி அடிக்க மாட்டேன்" என்றாராம் இவர். பிறகு படியடியில் மழையில் நின்று அவர் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது: "பிள்ள, ஓடி வராதீங்க! முடிச்சிட்டே வாங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரையில் 'முடிந்தது' வந்த பிறகுதான் எழுந்தேன். பஸ்ஸில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. "முடிஞ்சிச்சா?" என்றுதான் கேட்டார்கள். அண்ணன் சில்லறை போட்டு வைத்திருந்த பொலித்தீன் பையைக் காலி செய்து, அதில் பென் டிரைவைச் சுற்றி, டிக்கெட் கட்டிலிருந்த ரப்பர் பட்டியைப் போட்டார்.

அந்த வேலைதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். நன்றி சொன்னால், "எத்தனையோ சாமான் கொண்டு போனோம் பிள்ள, எத ஞாபகம் வச்சிக்கிறது?" என்று சிரிக்கிறார். எனக்கு ஞாபகம் இருக்கிறது அண்ணே, அது போதும் என்றேன்.

நேற்று அந்தப் பட்டியைக் கழற்றி பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். அன்று எழுதிய இரண்டு கோப்பும் இருக்கின்றன. முதலாவது ஒரு வரியின் நடுவில் அறுந்து கிடக்கிறது. இரண்டாவது கடைசி வரிவரை இருக்கிறது. அந்த மிச்ச வரிகள் வந்து சேரும்வரை ஒரு பஸ் நிறைய ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.